வார்டில் எழும் கேள்விக்கும் நிதி உண்டு

அரசு மருத்துவக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பை முடித்து, சீனியர் ரெசிடென்டாகவோ உதவிப் பேராசிரியராகவோ பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன மருத்துவர்களுக்கு,



பொது மருத்துவத் துறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் சிலருக்குப் பாடம் நடத்தியவர்கள் என்னிடம் படித்தவர்களாக இருக்கலாம். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பியுங்கள். பதவி உயர்வு வரட்டும், சொந்த ஊருக்கு மாறுதல் கிடைக்கட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே தொடங்குங்கள். இளம் மருத்துவர்களுக்கென்று வகுக்கப்பட்ட உதவித்தொகைகள் பலவற்றில் வயதோ, பட்டம் பெற்றபின் கழிந்த ஆண்டுகளோ கணக்கில் வரும். காத்திருந்தவருக்குக் கதவு சாத்தியிருக்கும்.

‘ஆராய்ச்சி எல்லாம் எய்ம்ஸ் ஆட்களுக்கு சார், நமக்கு ஓபி பார்க்கவே நேரம் இல்லை’ என்று நீங்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நேரம் இல்லை என்பது உண்மை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். ஆனால் ஆராய்ச்சி நமக்கானது இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மழைக்காலத்தில் நம் வார்டுகளுக்கு வரும் காய்ச்சல்களில் ஸ்க்ரப் டைஃபஸும் ஒன்று. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கப் பழகியவர்கள் நீங்கள். டாக்ஸிசைக்ளின் கொடுப்போம், இல்லையென்றால் அஸித்ரோமைசின் கொடுப்போம். மூச்சுத்திணறலோடும் சிறுநீரகம் பழுதாகியும் வருகிறவருக்கு இவற்றில் எது நல்லது? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா? காய்ச்சல் வார்டில் ஒரு பருவம் வேலை பார்த்த எவருக்கும் எழும் கேள்வி இது. வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆய்வாக்கினார்கள். இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் கடுமையான ஸ்க்ரப் டைஃபஸோடு வந்த சுமார் 800 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 7 நாள் மருந்து கொடுத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கும், அஸித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 33 விழுக்காடு. 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது.

புது மருந்து எதுவும் இதில் இல்லை. இரண்டுமே நம் மருந்தகத்தில் இருப்பவை. நம் ஊர் வார்டில் பிறந்த கேள்வி, அதைக் கேட்பதற்கான ஒழுங்கு, அதற்கு ஒரு நிதி, இவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த நிதியைத் தந்தது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய அமைப்பு அது. உங்களைப் போன்றவர்களுக்கென்றே மருத்துவ, பொதுச் சுகாதார ஆய்வு உதவித்தொகைகளை அது வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி நம் அரசுடையது, 500 கோடி வெல்கம் அறக்கட்டளையுடையது. பணம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அங்கே குறைவு.

நம் மருத்துவமனைகளில் ஆய்வே எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மருத்துவர் சமீரன் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்டது. 2005 முதல் 2014 வரை பத்தாண்டுகளில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் என்ன ஆய்வு வெளியிட்டன என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் தந்தவை 25 நிறுவனங்கள் மட்டுமே. நாட்டின் மொத்த மருத்துவ ஆய்வில் 40 விழுக்காடு அந்த 25இல் இருந்து வந்தது. 332 நிறுவனங்கள் பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. அந்த 332இல் ஒவ்வொரு நாளும் எத்தனை ஆயிரம் பேர் ஓபி சீட்டோடு வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய நோய் எப்படி வந்தது, எந்தச் சிகிச்சைக்கு எப்படி இணங்கியது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டோடு பதிவறைக்குப் போய், பிறகு எடைக்குப் போயிற்று. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் தமிழ்நாட்டுக்கு வேறொரு மரபும் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உலக சுகாதார நிறுவனமும் சென்னை மாநில அரசும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, தூய காற்று என்று உலகமே நம்பிய காலம். படுக்கைகளோ நோயாளிகளுக்குப் போதவே போதாது. ஒரே மருந்துகளைச் சானடோரியத்தில் ஒரு பிரிவினருக்கும், குடிசையும் ஒண்டுக்குடித்தனமுமான அவரவர் வீட்டிலேயே இன்னொரு பிரிவினருக்கும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் குணமானவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. அதன்பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 193 நோயாளிகளிடம் சென்னையில் நடந்த ஆய்வு அது.

அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் பங்களிப்போடு தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை உங்களில் பலர் கையாண்டிருப்பீர்கள். நோய் உறுதியானவுடனே எடை, மூச்சு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரைப் பிரித்து உடனே வார்டில் சேர்ப்பது. எடைபார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் போதும். அதே வரிசையில் ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வையும் சொல்ல வேண்டும். காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்று கேட்டார்கள். 39 விழுக்காடு குறைந்தது. 2023இல் லான்செட்டில் வெளியானது. ‘சாப்பிடாதவனுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பயன்’ என்று நம் வார்டு சிஸ்டர்கள் எத்தனை காலமாகச் சொல்லிவருகிறார்கள்! அதற்கு எண் கொடுத்து, அரசின் கொள்கை பேசும் மேசையில் வைத்தவர்களும் மருத்துவர்கள்தான்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன்.

உங்கள் வாரம் எனக்குத் தெரியும். அட்மிஷன் நாள், மறுநாள் போஸ்ட் அட்மிஷன், வாரம் இரண்டு மூன்று ஓபி, எம்.பி.பி.எஸ். வகுப்பு, பிஜிக்களின் தீசிஸ், காப்பீட்டுத் திட்டப் படிவங்கள், நடுவில் எங்கோ ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து வரும் சம்மன். தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி.யின் இன்ஸ்பெக்ஷன் என்றால் அந்த மாதமே கோப்பிலும் வருகைப் பதிவிலும் போய்விடும். இதற்கு நடுவே ஆராய்ச்சி செய் என்று சொல்வது கொடுமை என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் வின்கார்டன் என்ற மருத்துவர், நோயாளியையும் பார்த்து ஆய்வும் செய்யும் மருத்துவர் இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்று 1979இல் எழுதினார். பின்னாளில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கே தலைவரானவர் அவர். அங்கே இளம் மருத்துவர்களுக்கென்று இருக்கும் கே-23 என்ற உதவித்தொகையின் நிபந்தனையைப் பாருங்கள். பெறுகிறவர் தம் வேலை நேரத்தில் 75 விழுக்காட்டையாவது ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும், சில அறுவைத் துறைகளுக்கு மட்டும் 50 விழுக்காடு. அவர் வேலை பார்க்கும் மருத்துவமனை அதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். பிரிட்டனில் 2005இல் வந்த வால்போர்ட் அறிக்கைக்குப் பிறகு பயிற்சி மருத்துவர்களிலேயே ஒரு பிரிவினருக்கு நான்கில் ஒரு பங்கு நேரத்தை ஆய்வுக்கென்று ஒதுக்கினார்கள். அடுத்த நிலையில் பாதி நேரம். யாரும் வந்து அந்த நேரத்தில் டூட்டி போட முடியாது.

நம் நாட்டுத் திட்டங்களில் பல, கருவிக்கும் வேதிப்பொருளுக்கும் ஊழியருக்கும் பணம் தருகின்றன. மருத்துவரின் நேரத்தைக் காப்பாற்றித் தருவதில்லை. இளம் மருத்துவர் ஆய்வாளராக வளராமல் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மூளைக்கும் ஆர்வத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆகவே நிதி கேட்கும்போதே நேரத்தையும் கேளுங்கள். இந்தியா அலையன்ஸின் உதவித்தொகை ஐந்தாண்டுக்கானது. அதில் உங்கள் சம்பளமும் அடங்கும். மற்ற திட்டங்களில், பட்ஜெட்டில் திட்ட ஊழியரைக் கட்டாயம் சேருங்கள். நோயாளியிடம் ஒப்புதல் வாங்கவும், படிவம் நிரப்பவும், போன் போட்டுத் திரும்ப வரச்சொல்லவும் ஒரு முழுநேர ஆள் இருந்தால் உங்கள் மாலைகள் மிஞ்சும். விண்ணப்பத்தோடு டீன் கொடுக்கும் கடிதத்தில், இந்த ஆய்வு நடக்கும் காலத்தில் வாரத்தில் இத்தனை மணி நேரம் இவருக்கு விடுவிக்கப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். சிலர் தர மறுப்பார்கள். கேட்காதவருக்குத் தானாக வந்து தருகிறவர் யாரும் கிடையாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் தொடங்குங்கள் என்பேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979இல் இருந்து எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால மாணவர் உதவித்தொகையை நடத்திவருகிறது. வின்கார்டன் கவலைப்பட்டு எழுதிய அதே ஆண்டு. இரண்டு மாதம், ஒரு மாணவர், ஒரு வழிகாட்டி, ஒரு சிறு கேள்வி. வழிகாட்டி நீங்கள். மாணவருக்கு உதவித்தொகை, உங்களுக்கு ஒரு முழு ஆய்வைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை நடத்திப் பார்த்த அனுபவம். ஆய்வு முன்வரைவு, நெறிமுறைக் குழு, தரவு, அறிக்கை என்று எல்லாப் படிகளும் சிறிய அளவில் அதில் உண்டு. அடுத்து, எம்.டி., எம்.எஸ். மாணவர்களின் தீசிஸுக்கும் ஐ.சி.எம்.ஆர். நிதி தருகிறது. உங்கள் பிஜியை அதற்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். தீசிஸ் என்பது தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பைண்டிங் செய்து கொடுக்கும் காகிதக் கட்டு என்ற எண்ணம், வெளியார் ஒருவர் அதைப் படித்துப் பணம் தந்தால் மாறிவிடும்.

உங்கள் பெயரில் கேட்க வேண்டியது ஐ.சி.எம்.ஆர். வெளிநிறுவன ஆய்வு நிதி. அதில் சிறு நிதி என்று அவர்கள் சொல்வதே 2 கோடி ரூபாய் வரை. இதற்குப் புதியவர் 2 கோடி கேட்க வேண்டியதில்லை. கேள்விக்கு எவ்வளவு வேண்டுமோ அதைக் கேட்டாலே மதிப்பீட்டாளருக்கு உங்கள்மேல் நம்பிக்கை பிறக்கும். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்கும் இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகைகளும் வெளிநாட்டுப் பயிற்சிக்கான நிதியும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்தத் துறை நிறுவிய பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள், எம்.ஆர்.யூ. என்று நீங்கள் சொல்பவை, சென்னை மருத்துவக் கல்லூரி உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. அங்கே கருவிகள் இருக்கின்றன, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறைகூடப் போகாத உதவிப் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். ஒரு பிற்பகல் போய்ப் பேசுங்கள். உங்களிடம் நோயாளி இருக்கிறார், அவர்களிடம் ஃப்ரீஸர் இருக்கிறது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் வேண்டும்.

என்.எம்.சி. கட்டாயமாக்கியிருக்கும் அடிப்படை ஆய்வுப் பயிற்சியைப் பலர் சான்றிதழுக்காக ஓட்டிவிட்டுப் போகிறார்கள். அதை நடத்துவது சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். நாட்டின் சிறந்த ஆய்வு ஆசிரியர்கள் பேசுகிறார்கள். இந்த முறை காதுகொடுத்துக் கேளுங்கள்.

விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். தோற்றுப்போகும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மோசமாக எழுதப்பட்டவை அல்ல. அவற்றில் கேள்வியே இருக்காது. ‘நீரிழிவு நோயாளிகளிடம் இன்ன புரதத்தின் அளவு குறித்த ஓர் ஆய்வு’ என்று தலைப்பு இருக்கும். அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்? முடிவு இப்படி வந்தால் நாளை ஓபியில் எதை மாற்றுவீர்கள், அப்படி வந்தால் எதை மாற்றுவீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை இல்லாத ஆய்வுக்கு யாரும் பணம் தரக் கூடாது.

கேள்வி வார்டில் இருக்கிறது. ஒடுவந்தழை நஞ்சோடு வரும் நோயாளியை வட மாவட்டங்களில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பொட்டாசியம் இறங்குகிறது, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, பேசிக்கொண்டிருந்தவரின் இதயத் துடிப்பு திடீரென்று தடுமாறுகிறது. அதற்கென்று மாற்றுமருந்து கிடையாது. பாஸ்டனிலும் லண்டனிலும் இந்தச் செடியைப் பார்த்த மருத்துவர் இருக்க மாட்டார். வேலூரும் புதுச்சேரியும் விழுப்புரமும் கேட்காவிட்டால் இந்தக் கேள்வியை உலகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. கண் துறையில் இருப்பவர்களுக்கு வேறொன்று நினைவிருக்கும். வயல் வேலையில் கண்ணில் தாளோ இலையோ பட்டு வரும் பூஞ்சைப் புண்ணுக்கு, பழைய நாட்டாமைசின் நல்லதா, புதிதாக வந்த விலை கூடிய வோரிகோனசோல் நல்லதா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் உள்ளவர்கள் அமெரிக்க நிதியோடு ஆராய்ந்தார்கள். 2013இல் வந்த முடிவு, பழைய மருந்தே மேல் என்றது. அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. நம் விவசாயக் கூலிகளின் கண்கள் சொன்ன விடையை இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள்.

எனவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸில் பிஜி ஒருவர் கேட்டு, நீங்கள் ‘அப்படித்தான் பண்ணுவோம்’ என்று பதில் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அவற்றில் குறைந்தது இரண்டு ஆய்வுக்குத் தகுந்தவையாக இருக்கும்.

எழுதத் தொடங்கும்போதே புள்ளியியலாளரைப் பாருங்கள். தரவு எல்லாம் சேர்த்தபிறகு பென் டிரைவோடு போய் நிற்பது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் பயனில்லை. எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கு தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நெறிமுறைக் குழுவை, நீங்கள் ஐ.இ.சி. என்று சொல்வதை, தடையாக நினைக்காதீர்கள். நம் நோயாளிகளில் பலர் டாக்டர் சொன்னால் எதிலும் கைநாட்டு வைப்பார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவல் வேண்டும். அவருக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம் எழுதுங்கள். ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்த படிவத்தைப் படித்தால் நமக்கே புரிவதில்லை. சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தியச் சோதனைப் பதிவகத்தில் பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. தீசிஸ் முடியும் தறுவாயில் இதைக் கேள்விப்பட்டுத் தவித்த பிஜிக்கள் பலர்.

பணம் வந்தபிறகுதான் பலருக்கு மனம் உடைகிறது. நிதி கல்லூரிக் கணக்குக்கு வரும். கணக்கு யார் பெயரில், கையெழுத்து யார் யாருடையது, ஆளை எடுக்க விளம்பரம் எப்படி, கருவியை ஜெம் தளத்தில் வாங்குவதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு நகர வேண்டும். ஆண்டு முடிவில் யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழை ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் திட்ட ஊழியருக்குச் சம்பளம் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு, ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு மேசையில் கிடந்ததால், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய், பாதியில் நின்றது. அந்த நோயாளிகள் நமக்குக் கொடுத்த ரத்தமும் நேரமும் வீணாயின. ஆகவே கல்லூரி அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் கண்காணிப்பாளரை முதல் நாளே போய்ப் பாருங்கள். ஆய்வு எதற்காக என்று அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்தால் உதவுகிறவர்களே அதிகம்.

மாறுதலையும் நினைவில் வையுங்கள். நிதி நிறுவனத்துக்குத்தான் ஒதுக்கப்படுகிறது. நடுவில் உங்களை வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் ஆய்வு அநாதையாகும். அதே கல்லூரியில் நீடிக்கக்கூடிய ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயருக்குச் சேர்க்காமல், உண்மையிலேயே வேலையைப் பகிர்கிறவராகப் பார்த்துச் சேருங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. எம்.டி. முடிக்கும் வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாக வருவது உங்கள் குற்றம் இல்லை. நம் வகுப்பறைகளில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆய்வுத் திட்டங்களின் முதன்மை ஆய்வாளர் பட்டியலில் அந்தப் பாதி காணாமல் போகிறது. இந்தியா அலையன்ஸ் வயது வரம்பு வைப்பதில்லை. பணியில் இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களுக்கென்று சுகாதார ஆராய்ச்சித் துறை தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் அந்த இடைவெளியை மறைக்காமல், தயங்காமல் எழுதுங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் மதிப்பீட்டாளர் இருந்தால் திருந்த வேண்டியவர் அவர்.

டீன்களும் துறைத் தலைவர்களும் இந்த மடலைப் படித்தால் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நிதி வாங்கி வந்த உதவிப் பேராசிரியருக்கு வாரத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுங்கள். அந்த நாள் டூட்டியை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும்படி அட்டவணை போடுங்கள். முணுமுணுப்பு வரும், தாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வில் வேலை செய்யாதவர்கள் பெயரைக் கட்டுரையில் முதலிலும் கடைசியிலும் போடும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். இளையவர்கள் வாய்விட்டுச் சொல்லாத முதல் மனக்குறை அது.

பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி வந்தபின், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் உங்கள் மின்னஞ்சலை நிறைக்கின்றன. தீசிஸ் எழுதித் தரும் கடைகளும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் அப்படிப் போய் உயர்வு வாங்கிவிட்டார், நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று தோன்றும். நம் வார்டில் அடுத்த ஆண்டு ஒரு பிஜி அந்தக் கட்டுரையைப் படித்து ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்கக்கூடும். அதை மட்டும் யோசியுங்கள்.

முதல் விண்ணப்பம் திரும்பி வரும். அநேகமாக இரண்டாவதும் வரும். மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் கிடைத்தால் கோபம் தணிந்தபின் ஒருமுறை படியுங்கள். அவற்றில் பாதி சரியாக இருக்கும். வேலூரிலும் மதுரையிலும் சேத்துப்பட்டிலும் பெயர் பெற்றவர்கள் யாரும் மறுப்புக் கடிதம் பார்க்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி வேலை. கேள்வி என்ன, ஏன் நம் மருத்துவமனையில் அதற்கு விடை காண முடியும், எத்தனை நோயாளிகள், எத்தனை மாதம், விடை வந்தால் எது மாறும் என்பதை ஒரே ஒரு பக்கத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். உங்கள் துறையில் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த பேராசிரியரிடம் முதலில் காட்டுங்கள். பிறகு வேறு துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் மாற்றி எழுதுங்கள். எனக்கு அனுப்பினாலும் வரிக்கு வரி படித்துத் திருத்தித் தருகிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற பலர் இதைச் செய்யக் காத்திருக்கிறார்கள். அறிவிப்பு வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். வந்தபிறகு கிடைக்கும் சில வாரங்கள் கையெழுத்து வாங்கவே போதாது. இப்போதே உங்கள் ஐ.இ.சி. உறுப்பினர் செயலரைப் பார்த்து, அடுத்த கூட்டம் எந்தத் தேதியில், அதற்கு எத்தனை நாள் முன்னதாகத் தாள்களைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர்